இடம் மாற்றினால் பட்டுப்போகுமாம்!

திருப்பூரில் யாரிடமாவது, "வாசலில் நிற்கும் பெரிய ரோஜாச் செடியைத் தோண்டி வேறு இடத்தில் வைக்கப்போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நர்சரிக்காரர், கொத்தனார், பக்கத்து வீட்டு அம்மா, யூடியூபில் மாடித்தோட்டம் நடத்தும் தம்பி, நாலு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "வேர் புடிச்ச ரோசாவை அசைக்கக் கூடாதுங்க. பட்டுப்போயிரும். வெட்டிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க." ஜாதகம் பார்ப்பவர்கூட ஒரு பரிகாரம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். இவர்கள் அந்த வாய்ப்பையும் தருவதில்லை.

இந்தப் பேச்சு எந்த நாளில் வருகிறது என்று கவனியுங்கள். காம்பவுண்டுக்குள் தகரக் கொட்டகை போட்டு நாலு பவர் டேபிள் தையல் மெஷின் இறக்கப்போகும் அன்றைக்கு வரும். வாசலுக்கு டைல்ஸ் ஒட்டும்போது வரும். கார் நிறுத்த இடம் பார்க்கும்போது வரும். பத்து வருஷமாகப் பூத்த செடி குறுக்கே நிற்கிறது. முறையாகத் தோண்டி எடுக்க அரை நாள் கூலி ஆகும், வெட்டி எறிய ஐந்து நிமிஷம் போதும். "எடுத்தாலும் பொழைக்காது" என்று யாராவது சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. தோட்டக்கலை அறிவு என்ற பெயரில் மனசாட்சிக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது. ஆனாலும் நல்ல எண்ணத்தோடு இதை நம்புகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். செடி செத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், கொத்தனாருக்காக அல்ல.

ரோஜா நகராத செடி என்பதில் இருந்தே தொடங்குவோம். உலகத்திலேயே அதிகம் ஊர் சுற்றிய செடிகளில் ரோஜாவும் ஒன்று. நாம் பன்னீர் ரோஜா என்று பாட்டி காலத்திலிருந்து வைத்திருப்பதைத் தோட்டக்கலைத் துறையினர் எட்வர்டு ரோஜா என்பார்கள். அது போர்பன் வகையைச் சேர்ந்தது. போர்பன் என்பது மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரீயூனியன் தீவின் பழைய பெயர். அந்தத் தீவில் சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தானாகக் கலந்து பிறந்த குடும்பம் இது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து பாரிசுக்குக் கப்பல் ஏறியது. காலையில் எட்டு மணிக்கு பனியன் கம்பெனி வேனுக்காக நிற்கும் பெண்களின் தலையில் ஒற்றையாகச் செருகியிருக்கும் பன்னீர் ரோஜாவுக்கு இப்படிக் கடல் தாண்டிய வம்சாவளி உண்டு.

"அது குச்சியாகவோ விதையாகவோ போயிருக்கும், வளர்ந்த செடியாகவா போனது?" என்று கேட்கலாம். சரி, வளர்ந்த செடிக்கே வருவோம். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ரோஜா வியாபாரத்தில் கணிசமான பகுதி எப்படி நடக்கிறது? வயலில் ஒட்டுக்கட்டி வளர்த்த செடியைக் குளிர்காலத்தில் தோண்டி, வேரில் ஒட்டிய மண்ணைக்கூட உதறிவிட்டு, வெறும் வேரோடு கட்டி வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கும் வியாபாரம் இது. ஒட்டு மண்கூட இல்லாமல் பிழைக்கும் செடி, ஒரு தாய்மண் உருண்டையோடு பத்தடி தள்ளிப் போனால் செத்துவிடும் என்பது எந்த ஊர் நியாயம்?

ஹில்டஸ்ஹைம் என்று ஜெர்மனியில் ஓர் ஊர். அங்குள்ள பேராலயத்தின் சுவரில் ஆயிரமாண்டு ரோஜா என்று பெயர் பெற்ற ஒரு கொடி ரோஜா இருக்கிறது. 1945 மார்ச் 22 அன்று நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டதில் ஆலயமே நொறுங்கியது. ரோஜா தரைக்கு மேல் முழுக்கக் கருகிப்போய் இடிபாட்டுக்குள் புதைந்தது. அந்த வசந்தத்திலேயே இடிபாட்டுக்கு அடியிலிருந்து புதிய தளிர்கள் எழுந்தன. அது நாட்டு வகைக் காட்டு ரோஜா. ஐரோப்பாவில் ஒட்டுக்கட்ட அடிச்செடியாக அதே இனத்தைத்தான் வெகுகாலம் பயன்படுத்தினார்கள். அந்தச் செடியை யாரும் இடம் மாற்றவில்லை, உண்மைதான். நான் காட்ட வந்தது வேறு. ரோஜாவின் உயிர் இலையிலும் பூவிலும் இல்லை, தண்டும் வேரும் சேரும் அந்த அடிக்கட்டையில் இருக்கிறது. அடிக்கட்டை காயாமல் இருக்கும் வரை மேலே எதை இழந்தாலும் திரும்பி வரும்.

எதிர்த்தரப்பில் அறிவுள்ள ஒருவர் இங்கே குறுக்கிடுவார், குறுக்கிடவும் வேண்டும். "ஐரோப்பாவில் பனிக்காலத்தில் செடி இலையை உதிர்த்துவிட்டு உறங்குகிறது. உறக்கத்தில் எடுக்கிறார்கள். நம்ம ஊரில் ரோஜா எங்கே உறங்குகிறது?" இதுதான் சரியான கேள்வி. கொடைக்கானலில் குடியேறிய முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரியும் ரோஜா உருவாக்குநருமான எம்.எஸ்.வீரராகவன் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்ததும் இதையொட்டியதுதான். குளிர் நாட்டுக்காக உருவாக்கிய ரோஜாவை வெப்ப நாட்டில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள், வெப்பத்துக்கென்றே ரோஜாவை உருவாக்குங்கள் என்றார். மணிப்பூர்ப் பக்கத்து ஜைஜான்டியா, வங்கத்துச் சதுப்பில் நின்று வளரும் கிளைனோஃபில்லா என்ற காட்டு ரோஜாக்களைக் கொண்டு உருவாக்கியும் காட்டினார். ஆக, நம் செடி தானாக உறங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஓய்வுக்குத் தள்ளும் வழி ஒன்று நம் கையில் இருக்கிறது. அதன் பெயர் கவாத்து. அக்டோபர் முதல் டிசம்பருக்குள் செடியை 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகமே பூ விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கிறது. நிலக்கோட்டையிலும் ஓசூரிலும் ரோஜா போட்டிருப்பவர்களுக்குக் கவாத்து என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாதங்களில், அந்தக் கவாத்தோடு சேர்த்து எடுத்தால், குளிர் நாட்டு உறக்கத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம்.

நாம் எப்போது எடுக்கிறோம்? இங்கேதான் திருப்பூர்க் கதை தொடங்குகிறது.

இந்த ஊரில் வீடு மாறுவதற்கென்று ஒரு காலம் உண்டு. ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் தொடங்கி, ஜூனில் திறப்பதற்குள் முடித்துவிடுவார்கள். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். கட்டட வேலையையும் மழைக்கு முன்னால் அடித்தளம் வரையாவது கொண்டுவந்துவிடப் பார்ப்பார்கள். ஆகவே திருப்பூரில் ரோஜாக்கள் பெரும்பாலும் தோண்டப்படுவது சித்திரையிலும் வைகாசியிலும். வெயில் உச்சந்தலையில் நிற்கும்போது வேரறுந்த செடி புது மண்ணுக்குப் போகிறது. அதிலும் தப்பித்தால் காற்று வருகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகளை வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்களே, சும்மாவா? தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் வெறுங்கையோடு வருகிறது. ஜூனில் இருந்து ஆகஸ்டு வரை கொடியில் போட்ட ஈரத் துணி அரை மணியில் மொறமொறவென்று காய்கிறதல்லவா, அந்தக் காற்றில்தான் ரோஜாவின் புதுத்தளிரும் நிற்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லிக்கொண்டு ஆடியில் செடியை மாற்றுகிறவர்களும் உண்டு. பழமொழி விதையைப் பற்றிச் சொல்கிறது. விதைக்கு வாடுவதற்கு இலை கிடையாது.

நமக்கு மழையே ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஆக, செடியை மாற்ற இந்த ஊர் கொடுப்பது தீபாவளியை ஒட்டிய சில வாரங்களைத்தான். அந்த வாரங்களைத் தவிர மற்ற எல்லா வாரத்திலும் மாற்றிவிட்டு, "ரோசா மாத்துனா பொழைக்காதுங்க" என்கிறோம்.

அடுத்த குற்றவாளி நம் ஆசை. செடியைத் தோண்டும்போது தடித்த வேர்தான் நம்மோடு வரும். தண்ணீர் குடிக்கும் வேலையைச் செய்கிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி பழைய குழியிலேயே தங்கிவிடும். இலையோ முழுசாக அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு இலையும் ஆவியாக ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. வரவு கால்வாசி ஆகிவிட்ட வீட்டில் செலவை மட்டும் குறைக்காமல் இருந்தால் என்ன ஆகும்? இலையையும் கிளையையும் வெட்டித்தான் ஆக வேண்டும். சொன்னால் யாருக்கும் கை வராது. "பூ இருக்குதுங்க. மொட்டு ஏழெட்டு இருக்குதுங்க. எப்படிங்க வெட்டறது?" மொட்டு விரியட்டும் என்று காத்திருந்து, விரிந்ததைப் பறித்துச் சாமிக்குப் போட்டுவிட்டு, அப்புறம் ஐந்தடி உயரத்துக்குச் செடியை அப்படியே தூக்கி நட்டால், நாலாம் நாள் தலை தொங்கும். தொங்கியதும் பயந்து காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவார்கள். காற்று புகாத சேற்றில் இருக்கிற வேரும் அழுகும். அப்புறம் யாராவது ஒரு பிடி யூரியாவைப் போடுவார்கள், "தெம்பு வரட்டும்" என்று. புது வேர் விடாத செடிக்கு யூரியா தெம்பு கொடுக்காது, எரிக்கும்.

இத்தனையும் செய்துவிட்டுப் பழியை எங்கே போடுகிறோம்? கைராசி இல்லை என்பார்கள். அதைவிட மோசம் ஒன்று உண்டு. வீட்டில் எந்தப் பெண் அந்த வாரம் செடிப் பக்கம் போனாள் என்று விசாரணை நடக்கும். "தீட்டோட தொட்டிருப்பா, அதான் கருகிருச்சு." தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவளும் அவள்தான், செடியைக் கொன்றவள் என்று பெயர் வாங்குகிறவளும் அவள்தான். வைகாசி வெயிலையும் வெட்டாத கிளையையும் யூரியாவையும் யாரும் விசாரிப்பதில்லை. ரோஜா பட்டுப்போனதற்கு மாதவிடாய் காரணம் என்று நம்புகிற வீட்டில், வேர்பிடித்த செடி அசைந்தாலே சாகும் என்பதையும் நம்புவார்கள். இரண்டும் ஒரே சாக்கில் இருந்து வருபவை.

இன்னொன்று தண்ணீர். இதைப் பற்றிப் பேசாமல் திருப்பூர் ரோஜாவைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு. ரோஜா உப்பைத் தாங்காத செடிகளில் ஒன்று. நம் நிலத்தடி நீரின் கதை ஊரறிந்தது. பாசனத்துக்காக 1992-ல் நொய்யலில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவைத் தேக்கி வைக்கும் குட்டையாகிப்போனது. கழிவுநீரைத் துளிகூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஊரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பிறகு முறையான சுத்திகரிப்போடு திறந்தன. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகளாக மண்ணுக்குள் இறங்கிய உப்பு கோர்ட் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வெளியே வருமா?

இப்போது நடப்பதைப் பாருங்கள். பழைய வீட்டில் செடி வாசற்படி ஓரம் நின்றது. பாத்திரம் கழுவிய ஆற்றுத் தண்ணீரும் கூரையில் இருந்து வடிந்த மழையும் அதற்குப் போய்க்கொண்டிருந்தன. புது வீட்டில் அதைப் பின்பக்கம் போர்க் குழாய்க்குப் பக்கத்தில் நட்டு, போர்த் தண்ணியை ஊற்றுகிறோம். இலை விளிம்பு பழுப்பாகத் தீய்ந்து வரும். மண் காயும்போது மேலே வெள்ளையாகப் பூக்கும். உப்பு அதிகமான மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. நல்ல வேரே திணறும்போது அறுந்த வேர் என்ன செய்யும்? அந்த இடத்தில் ஓசூர்ச் செடியை வைத்திருந்தாலும் இதே கதிதான். ஆனால் பழைய செடி செத்தால் "மாத்துனதால செத்துச்சு", புதுச் செடி செத்தால் "நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்". ஒரே சாவுக்கு இரண்டு மரணச் சான்றிதழ்.

புதுச் செடி என்றதும் ஞாபகம் வருகிறது. அறிவுரையின் பின்பாதி அதுதானே: வெட்டிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு. சாலையோரத்தில் பை பையாக அடுக்கி விற்கும் செடிகள் ஓசூரில் இருந்தும் ஆந்திராவின் கடியத்தில் இருந்தும் லாரி ஏறி வருபவை. அவற்றில் பல களிமண் உருண்டைக்குள் வேரை வைத்துக் கட்டியவை. அந்த உருண்டை இறுகிவிட்டால் சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் உள்ளே இறங்காது. வாங்கும்போது மூன்று பூ, மூன்று மாதத்தில் மூன்று குச்சி. இதை அனுபவிக்காத வீடு இந்த ஊரில் குறைவு. இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தச் செடியும் ஓரிடத்தில் வளர்ந்து, இன்னோரிடத்துக்கு வந்து, உங்கள் வீட்டில் மறுபடி மாறுகிறது. இடம் மாறினால் சாகும் என்பவர்கள், இரண்டு முறை இடம் மாறுகிற செடியை வாங்கச் சொல்கிறார்கள்!

அதையும் எங்கே நடுவார்கள்? பழைய ரோஜாவை வெட்டிய அதே குழியில். ரோஜா பல ஆண்டு நின்ற மண்ணில் இன்னொரு ரோஜாவை வைத்தால் அது சரியாக எழும்பாது என்பது தோட்டக்காரர்களுக்குப் பழைய செய்தி. ஆப்பிள் தோப்புகளிலும் இதே தொல்லை உண்டு, இரண்டும் ஒரே குடும்பம். பழைய வேரைச் சுற்றிப் பெருகியிருக்கும் நூற்புழுக்களும் பூஞ்சைகளும் இளம் வேரைத் தின்றுவிடுகின்றன என்பதே பொதுவான விளக்கம். வளர்ந்த செடி அவற்றோடு வாழப் பழகியிருக்கும், கன்று பழகியிருக்காது. ஆகக் கணக்குப் போட்டால், பழைய செடியைப் புது இடத்துக்கு மாற்றுவதைவிடப் புதுச் செடியைப் பழைய இடத்தில் வைப்பதுதான் ஆபத்து.

கன்று நடுவதை நான் குறைத்துப் பேசவில்லை. 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டத்தில் லட்சக்கணக்கில் மரக்கன்று நட்டிருக்கிறார்கள், ஊரே பெருமைப்படலாம். ஆனால் புதிதாக நடுவதில் இருக்கும் உற்சாகம், நிற்பதைக் காப்பாற்றுவதில் நமக்கு வருவதில்லை. அதிலும் வீட்டு ரோஜா பெயர் தெரியாத ரோஜா. மாமியார் வீட்டில் இருந்து குச்சியாக வந்தது, காங்கயத்துப் பெரியம்மா கொடுத்தது, அந்த வாசனை எந்த நர்சரியிலும் கிடைக்காது. நர்சரியில் கிடைப்பது கண்ணுக்குப் பெரிய பூ, மூக்குக்கு ஒன்றுமில்லை.

எல்லாச் செடியும் பிழைக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அடிக்கட்டை உளுத்துப்போன ஒட்டுச் செடி, தண்டில் கறுப்பாகப் புண் இறங்கி வருவது, ஒரே பக்கம் மட்டும் உயிர் வைத்திருக்கும் கிழம், இவை போய்விடலாம். சுவரோரம் அஸ்திவாரக் கல்லுக்குள் வேர் புகுந்த செடியையும் உருண்டையாக எடுக்க முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. கவாத்தில் வெட்டிய முற்றின குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, நிழலில் மணல் கலந்த மண்ணில் செருகி வைத்துவிட்டால், பன்னீர் ரோஜா தன் சொந்த வேரிலேயே எழும்பும். தாய்ச்செடி போனாலும் வம்சம் போகாது. ஒட்டு ரோஜாவில் இந்த வித்தை எல்லா ரகத்திலும் பலிக்காது.

செய்கிற முறையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் நம்ம ஊருக்கென்று ஒரு வசதி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. ஐப்பசி மழைக்கு மூன்று வாரம் முன்பே செடியைச் சுற்றி முக்கால் அடி தள்ளி மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்கி வட்டமாக ஒரு வெட்டு. தோண்ட வேண்டாம், வெட்டு மட்டும். அறுந்த வேர் நுனிகளில் புது வேர்கள் இந்த வட்டத்துக்குள்ளேயே கிளம்பும். புது இடத்தில் இந்த வட்டத்தைவிடச் சற்று அகலமான குழியும் அதே வாரத்தில் தயாராகட்டும், ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாக இருக்கட்டும். எடுப்பதற்கு முதல் நாள் நன்றாக நனைத்து, கிளைகளை ஒன்றரை அடிக்கு வெட்டி, மிச்சமிருக்கும் இலைகளையும் கிள்ளிவிடுங்கள். மொட்டையாக நிற்கும், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்.

மறுநாள் அந்த வட்டத்துக்கு வெளியே பள்ளம் எடுத்து, அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் ஒன்றரை அடி அகலத்துக்கு மண் உருண்டை அசையும். இரண்டு ஆள் கனம். எல்லாரும் தோற்பது இந்த இடத்தில்தான். உருண்டை கையில் உடைந்து மண் பொலபொலவென்று கொட்டிவிடும், மிச்சமிருந்த மெல்லிய வேரும் அதோடு போகும். மற்ற ஊர்க்காரர்கள் கோணிச்சாக்கைத் தேடுவார்கள். நமக்கு எதற்குச் சாக்கு? நிட்டிங் மெஷினில் இருந்து துணி குழாயாகத்தான் இறங்குகிறது. பக்கத்து நிட்டிங் கம்பெனியில் இருபத்துநாலு டயா கிரே துணி, சாயம் ஏறாதது, சுத்தப் பருத்தி, ஒரு மீட்டர் பிட்டு கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். ஒரு முனையை முடிச்சுப் போட்டால் பை ரெடி. ஒருவர் உருண்டையைச் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் அடியில் இருந்து பையை மேலே ஏற்ற வேண்டும். பனியன் துணிக்கு இழுவை இருப்பதால் உருண்டை எந்த வடிவில் இருந்தாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சாக்கு இப்படிப் பிடிக்காது. மேலே தண்டைச் சுற்றிக் கட்டிங் வேஸ்ட் நாடாவால் ஒரு கட்டு. டெம்போவில் அவிநாசி வரைக்கும் போனாலும் ஒரு பிடி மண் சிந்தாது. குழியில் இறக்கியதும் அடி முடிச்சை வெட்டி, மேல்கட்டை அவிழ்த்துத் துணியை மடித்து உள்ளே தள்ளிவிடலாம். பருத்தி தானே மக்கிப் போகும். துணியின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அடியில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும். பாலியஸ்டர், லைக்ரா கலந்த துணி என்றால் முழுசாக உருவி எடுத்துவிட வேண்டும், அது மக்காது.

பழைய இடத்தில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்குள் போகக் கூடாது. உரம், ஆட்டுச்சாணி, மீன்கழிவு, எதுவும் இப்போது வேண்டாம். முதல் மாதம் ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ மட்டும், அதுவும் விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்த பிறகு.

இரண்டு மூன்று வாரத்தில் கண்களில் சிவப்பாகத் தளிர் வரும். வீடே கொண்டாடும். கொண்டாடாதீர்கள். அந்தத் தளிர் தண்டில் சேமிப்பில் இருந்த சத்தில் வருவது, வேர் விட்டதற்கு அத்தாட்சி அல்ல. சில சமயம் அந்தத் தளிர் ஒரு விரல் நீளம் வந்து சட்டென்று வாடும். "பாத்தீங்களா, நாந்தான் சொன்னனே" என்று நாலு பேர் வருவார்கள். பலர் அந்த நாளில்தான் செடியைப் பிடுங்கி எறிகிறார்கள். பொறுங்கள். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் செடி சாகவில்லை, வேர் வேலையில் இருக்கிறது. வாடிய தளிரைக் கிள்ளிவிட்டு, மேலே பழைய வேட்டித் துணியால் நிழல் கட்டுங்கள். அடுத்து வரும் தளிர் நின்று இலையாக விரிந்தால்தான் வேர் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், உரமும் அப்போதுதான். பிழைத்துக்கொண்டிருந்த எத்தனை ரோஜாக்களை இந்த ஊர் இடைப்பட்ட அந்த வாரங்களில் குப்பைக்கு அனுப்பியிருக்கும்! பட்டுப்போகும் என்ற நம்பிக்கை தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளும் இடம் அதுதான்.

"வீட்டுக்காரர் சித்திரையில் காலி பண்ணச் சொல்கிறார், ஐப்பசிக்கு நான் எங்கே போவேன்?" என்று லைன் வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். நியாயம். வெளியூரில் இருந்து வந்து வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்கள் மண்ணில் இருந்து மண்ணுக்கு மாற்ற வேண்டாம். கடுமையாக வெட்டி, துணிப் பையோடு எடுத்து, பாதியாக அறுத்த நீல டிரம்மில் வைத்து, காற்றுப் படாத சுவரோரம் அரை நிழலில் ஐப்பசி வரை வைத்திருக்கலாம். சாயப்பட்டறையில் இருந்து வந்த டிரம் என்றால் உள்ளே என்ன இருந்தது என்று கேட்டு, பலமுறை கழுவி, அடியில் நாலைந்து ஓட்டை போட்ட பிறகுதான். சாய உப்பு இருந்த டிரம் ரோஜாவுக்கு ஆகாது. குடிவந்த நாளில் நீங்கள் நட்ட செடியை "அது வீட்டோட சேர்ந்தது" என்று வீட்டுக்காரர் தர மறுத்தால், சண்டை போடாமல் கவாத்துச் செய்து கொடுக்கிறேன் என்று சொல்லிக் குச்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அட்வான்சில் கழிக்க எந்த வீட்டுக்காரரும் இதுவரை கணக்குக் கண்டுபிடிக்கவில்லை.